மன்னிப்புக் கேட்கச் சிதம்பரம் போனேன்

முதலில் என் கையெழுத்துக்காக ஒரு மன்னிப்பு. வாசகர்களிடம் இல்லை, நீங்கள் அச்சில்தான் பார்க்கிறீர்கள். வாராவாரம் பத்திரிகை ஆபீசில் இதைக் கணினியில் அடிக்கும் தங்கையிடம். போன தடவை போன் செய்து, "அண்ணே, மூணாவது பக்கத்துல இருக்கறது எழுத்தா, நண்டு ஓடுன தடமா?" என்று கேட்டார். எழுத்துதான் தாயே. சின்ன 'ர' எங்கே, பெரிய 'ற' எங்கே என்பது எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புதான். அவர் திருத்திவிடுகிறார். அச்சில் என் பத்தியைப் பார்க்கும்போது எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிடுகிறது.

இந்த வாரம் எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

விஷயம் இதுதான். போன வாரம் சிதம்பரம் போனேன். கோயிலுக்கு இல்லை. ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க. அதுவும் – நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரிடம்!

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவன், இரவல் வாங்கியாவது படித்துவிடுகிறவன் என்பதெல்லாம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாலைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருப்பேன். அங்கே இணையத்தில் புத்தகம் படிக்கிறவர்களின் குழுமம் ஒன்று. அதில் நானும் ஓர் ஆள்.

நானா? நாலு பேர் சேர்ந்து வந்தால் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறவன். டீக்கடையில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்லக் கூச்சப்பட்டு, வருஷக்கணக்கில் பாயசம் குடித்துக்கொண்டிருப்பவன். அப்படிப்பட்டவன் ஒரு குழுமத்தில் பேசினானா என்றால் – பேசினான். வாய் ஓயாமல்.

சென்டர் நடத்தும் விஜயாதான் தமிழில் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். 'அ' வேண்டும் என்றால் இங்கிலீஷ் ஏ-யைத் தட்ட வேண்டுமாம். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும்தான் கற்றேன். சின்ன எழுத்து வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன். கீபோர்டைப் பார்த்தால் அதிலும் பெரிய எழுத்து மட்டும்தான்! இந்த உலகத்தில் எனக்கென்றே செய்த பொருள் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழுமத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாரம் ஒருவர் ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்வார். மற்றவர்கள் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். புத்தகத்தைப் பாராட்ட முழுசாகப் படிக்க வேண்டியதில்லை. திட்ட வேண்டுமானால் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். அதோடு இன்னொன்று – கிண்டல் செய்வது அவரவர் தொழிலை வைத்துத்தான். திருச்சியில் ஒரு டீச்சர். 'ஆசிரியர் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விடை எழுதியிருக்கிறார். பேப்பர் நிறைந்திருப்பதால் பாஸ்' என்று ஒரு நாவலுக்கு எழுதினார். பெங்களூரில் பஸ் கண்டக்டர் ஒருவர். 'எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிறது, யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை' என்றார் வேறொன்றுக்கு. விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்துக் கேபினில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு ஐஸ். கதை உருகினால் ஐஸ், உறைந்தால் ஐஸ். 'ஐஸ்காரன்' என்பதே அங்கே என் பெயர் ஆகிவிட்டது.

அந்தக் குழுமத்தில்தான் கலியபெருமாள். சிதம்பரம் மேலவீதிப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். 'இந்தக் கவிதைக்குப் பவர் ஜாஸ்தி, தலை வலிக்குது' என்பது போல எழுதுவார். என்னை முதல் நாளிலிருந்தே 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார். 'என்னா மச்சான், இந்த வாரம் ஆளக் காணோம்?'

இது உங்களுக்குச் சின்ன விஷயம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே அக்கா, மங்கலம்பேட்டையில். அக்கா வீட்டுக்காரர் இருந்தவரை என்னை மச்சான் என்று கூப்பிடுவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த முறை சொல்லிக் கூப்பிட எனக்கு ஆள் கிடையாது. மறுபடி அப்படிக் கூப்பிட்டது ஒரு கம்ப்யூட்டர் திரைதான்.

சரி, விவகாரத்துக்கு வருகிறேன்.

மாசி மாதம் கலியபெருமாள் ஒரு நாவலைச் சிபாரிசு செய்தார். சாதாரண நாவல் இல்லை. தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் சைஸ். 'வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் படிச்சிடணும்' என்று எழுதியிருந்தார். நூலகத்தில் எடுத்துப் படித்தேன். கடைசிப் பக்கம் வரை படித்தேன். படித்துவிட்டு இப்படி எழுதினேன்:

'துறைமுகத்துல ஏத்தும்போது முழு ஐஸ் பார்தான். பண்ருட்டியில எறக்கிப் பார்த்தா உமிதான் மிச்சம்.'

பார் என்றால் ஐஸ் பாளம். அது கரையாமல் இருக்க உமி போட்டு மூடி அனுப்புவோம், அதுதான் உமி. டீச்சர் சிரித்தார். கண்டக்டர் சிரித்தார். கலியபெருமாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். கலியபெருமாள் இல்லை. டீச்சரும் இல்லை. கண்டக்டரும் இல்லை. யாருமே இல்லை.

பரீட்சைக் காலம், எல்லோருக்கும் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. 'என்ன எல்லோரும் படிக்கப் போய்விட்டீர்களா?' என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. சித்திரை பிறந்து இங்கே மீன்பிடித் தடைக்காலமும் வந்துவிட்டது. பெரிய படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. ஐஸ் கம்பெனியில் பாதி நாள் மிஷின் ஓடுவதில்லை. கடலுக்கே தடைக்காலம் இருக்கும்போது பேச்சுக்கும் இருக்கக் கூடாதா என்ன? இருக்கும், இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

திரையில் என் பெயர். அதற்குக் கீழே என் பெயர். அதற்கும் கீழே என் பெயர். ஒரே ஆள் கேட்டு, ஒரே ஆள் காத்திருந்து, ஒரே ஆள் மறுபடி கேட்கிற குழுமம் எங்கேயாவது உண்டா? ரோட்டில் ஒருவன் இப்படிப் பேசிக்கொண்டு போனால் நாம் என்ன சொல்வோம்?

பிறகுதான் உறைத்தது. நான் அந்தக் கிண்டலை எழுதியதும் கலியபெருமாள் மௌனமானார். அவரோடு எல்லோரும் போய்விட்டார்கள். வேறென்ன அர்த்தம்? அவர் மனசு புண்பட்டிருக்கிறது. 'ஐஸ்காரன் இருக்கிற இடத்தில் இனி நாம் வேண்டாம்' என்று சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். படித்தவர்கள். சண்டை போட மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள்.

சரி, அந்தப் புத்தகத்தில் அவர் எதைக் கண்டார் என்றாவது பார்ப்போம் என்று மறுபடி நூலகத்தில் எடுத்தேன். தடைக்காலம். வேலை இல்லை. வீட்டில் ஆள் இல்லை. மெதுவாகப் படித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள்... முதல் தடவை நான் உமி என்று தள்ளிய இடங்கள்தான் இந்தத் தடவை என்னைப் பிடித்து உட்கார வைத்தன. ஒருவர் தினமும் ரயில்வே கேட்டில் குடையோடு போய் நிற்பார். யாரும் வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், கேட் கீப்பருக்கும் தெரியும். பக்கம் பக்கமாக அவ்வளவுதான். மாசியில் படித்தபோது கொட்டாவி வந்தது. சித்திரையில் அந்த ஆளோடு நானும் நின்றேன்.

இதையெல்லாம் குழுமத்தில் எழுதி, 'கலியபெருமாள் சார், தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும்' என்று முடித்தேன். அதற்கும் பதில் இல்லை.

விஜயா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "ஏண்ணே, முன்னல்லாம் வந்தா தனியா சிரிப்பீங்க. இப்ப என்னா, எழவு வூட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொன்னேன்.

"இம்புட்டுதானா? சிதம்பரம் என்னா சிங்கப்பூரா? பஸ் ஏறிப் போயி, நேர்ல கேட்டுட்டு வாங்க. கடைதான் எங்கன்னு தெரியுமே."

"நேர்ல பேசிப் பழக்கம் இல்லம்மா."

"பேசாதீங்க. முன்னாடி போயி நில்லுங்க, அது போதும்."

அந்தத் தைரியத்தில் போன வாரம் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மன்னிப்பை மனப்பாடம் செய்துவிட்டேன். 'சார், நான்தான் ஐஸ்காரன். தெரியாம எழுதிட்டேன்.' சிதம்பரம் வருவதற்குள் பாதி மறந்துவிட்டது.

கடை சின்னக் கடைதான். உள்ளே ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர், கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க, உக்காருங்க" என்று உயரமான நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. அவர் என் மூக்கின்மேல் ஒரு கனமான இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டார்.

ஆக, மன்னிப்புக் கேட்கப் போனவன் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

"எந்த ஊரு?"

"கடலூர்."

"கடலூர்லருந்து கண்ணாடி போட இங்க வரீங்களா? அங்கதான் தெருவுக்கு ரெண்டு கடை இருக்கே!"

"உங்க... உங்க கடை நல்லாருக்கும்னு சொன்னாங்க."

"எவன் சொன்னான்? அவன் பேரச் சொல்லுங்க, அவனுக்கு ஃப்ரீயா ஒரு கண்ணாடி குடுக்கறேன்."

அப்போது கம்ப்யூட்டரில் டொக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்துப் படித்துவிட்டுச் சிரித்தார். "இந்தத் திருச்சி டீச்சருக்கு வாயி ஜாஸ்திப்பா!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டீச்சர் இருக்கிறார். பேசுகிறார். எல்லோரும் எங்கேயோ பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னை மட்டும் விட்டுவிட்டு.

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். மூக்கின்மேல் அந்தச் சட்டம். அதோடு எப்படி ஓடுவது?

"கிட்டப் பார்வை பாத்துடுவோம். இதப் படிங்க" என்று பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். மற்ற கடைகளில் கம்பெனிக்காரன் கொடுத்த அட்டை இருக்கும். இது ஏதோ புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தது.

படித்தேன். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ரயில்வே கேட். குடை. அந்த ஆள்.

கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் இந்தப் பக்கத்தைப் படிக்க வைக்கிறார்! இவ்வளவு பிரியமாக வைத்திருக்கும் புத்தகத்தைத்தான் நான் உமி என்று எழுதினேன். இவர் எப்படி மன்னிப்பார்?

பக்கம் வாக்கியத்தின் நடுவில் முடிந்துவிட்டது. மிச்ச வாக்கியம் அடுத்த பக்கத்தில். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. இப்போதுதானே இரண்டாம் தடவை படித்தேன்? அந்த வாக்கியம் முடிகிற வரைக்கும் சொல்லிவிட்டேன்.

கலியபெருமாள் அட்டையை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது அட்டையில இல்லியே."

"இல்லீங்க."

"யாருங்க நீங்க?"

மனப்பாடம் செய்தது எதுவும் வரவில்லை. "ஐஸ்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அட, மச்சான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யோவ், நீயா! வாயத் தொறந்து சொல்றதுக்கென்னாய்யா? மூக்குல இத மாட்டிக்கிட்டு, திருடன் மாதிரி முழிச்சிகிட்டு உக்காந்திருக்கியே!"

"சார்... அந்த உமி விஷயம்... மன்னிக்கணும். தெரியாம..."

"எந்த உமி?"

"புத்தகத்தப் பத்தி எழுதினேனே... ஐஸ் பார், பண்ருட்டி..."

அவர் நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஞாபகம் வரலியே மச்சான். நல்லா இருந்துச்சா?"

நான் தூங்காமல் கிடந்த அந்த ஒரு வரி, யாருக்காகத் தூங்காமல் கிடந்தேனோ அவருக்கு நினைவில் இல்லை! இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு விஷயம் வெளியே வந்தது. குழுமத்தில் யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. இணையத்தில் இப்போது ஊரே கூடியிருக்கிறதே, படம் போட்டு லைக் வாங்குகிற நீலப் பக்கம், அங்கே குடி போய்விட்டார்கள்.

"உனக்கும்தான் அழைப்பு அனுப்புனோமே! நான் அனுப்புனேன், டீச்சர் அனுப்புனாங்க..."

அனுப்பியிருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன். இங்கிலீஷில் வந்தது. இங்கிலீஷில் மெயில் வந்தால் அது லாட்டரியில் பணம் விழுந்திருக்கிறது என்று ஏமாற்றுகிற மெயில், திறக்கவே கூடாது என்பது விஜயா எனக்குச் சொன்ன முதல் பாடம். கலியபெருமாள் என்கிற பெயரிலேயே ஒன்று வந்திருந்தது. அடப்பாவிகளா, என் மச்சான் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று திருடர்களைத் திட்டிக்கொண்டே அழித்தேன்.

கலியபெருமாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் வரலியேன்னு... யாராச்சும் கேட்டாங்களா?"

அவர் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "கேட்டாங்க, கேட்டாங்க. கேக்காம இருப்பாங்களா?" என்றார். அந்தக் கண்ணாடி ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அங்கேயே எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். 'ஐஸ்காரர் வந்துட்டாரு' என்று ஒரு வரி போட்டார். அடேயப்பா! டொக், டொக், டொக். கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழுந்தது. டீச்சர் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். கண்டக்டர் பூங்கொத்து ஒன்று. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று. 'இத்தனை நாளா எங்கே போனீர்', 'என்ன படித்தீர்' என்று. யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஓடுகிற பஸ் ஜன்னலிலிருந்து ஆட்டுவது போல.

"சிபாரிசு எல்லாம் எங்க போடறாங்க?" என்று கேட்டேன்.

"இப்ப யாருப்பா அவ்வளவு நீளமா எழுதறது? அட்டைப் படத்தப் போட்டுட்டு 'படிக்கிறேன்'னு போட வேண்டியதுதான்."

"கிண்டல்?"

"கிண்டல் பண்ணணும்னா கடைசி வரைக்கும் படிக்கணுமே மச்சான்!"

கடைக்கு மேலேயே வீடு. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனார். "தனம், யாரு வந்திருக்கான்னு பாரு. ஐஸ் மச்சான்!"

அவர் மனைவி சமையல்கட்டிலிருந்து வந்து, "வாங்கண்ணே" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஒருவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டால், அவர் வீட்டுக்காரிக்கு நான் அண்ணன் ஆகிவிடுகிறேன்! இத்தனை வருஷம் மச்சான், மச்சான் என்று கேட்டுக் குளிர்ந்துபோனவன், அந்தப் பக்கம் தங்கை ஒருத்தி இருப்பாளே என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"கடலூர்க்காரருக்கே நான் கருவாட்டுக் கொழம்பு ஊத்தறேன், பாருங்க" என்று பரிமாறினார். கலியபெருமாள் இலைக்குப் பக்கத்தில் மொபைலை வைத்துக்கொண்டார். எடுத்துப் பார்ப்பதும், சிரிப்பதும், வைப்பதும். நேரில் எங்களுக்குப் பேச ஒன்றும் அகப்படவில்லை. வெயில் பற்றிச் சொன்னார். ஆமாம் என்றேன். பஸ் பற்றிக் கேட்டார். கூட்டமில்லை என்றேன். திரையில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்! மறுபடி மொபைலை எடுத்தார்.

எதிரே உட்கார்ந்து அவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஜோக் என்று கேட்கலாமா? கேட்டால் தப்பாக நினைப்பாரா?

தனம் என்னைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பழகிப்போச்சுண்ணே. நீங்க புதுசு, அதான் ஒரு மாதிரி இருக்கு."

"என்னாது?" என்றார் கலியபெருமாள், தலை நிமிராமல்.

"ஒண்ணுமில்ல. அண்ணன்கிட்ட பேசறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "முன்னல்லாம் ஞாயித்துக்கெழம சாயங்காலமானா போதும். பொட்டி முன்னால உக்காந்துடுவாரு. தானா சிரிப்பாரு. என்னாங்கன்னு கேட்டா, 'ஐஸ்காரன் எழுதியிருக்கான், உனக்குப் புரியாது'ம்பாரு. புள்ள மெட்ராஸ்ல. வூட்ல நாங்க ரெண்டே பேரு. நான் எதிர்ல உக்காந்து அரிசில கல்லு பொறுக்கிட்டு இருப்பேன். எவன்டா இந்த ஐஸ்காரன்னு அப்படி ஒரு கோவம் வரும்ணே. இன்னிக்கிதான் பாக்கறேன்... வாயில வெரல வச்சாக்கூட கடிக்காத ஆளா இருக்கீங்க."

பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தேன்.

நான் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ள முடியாமல் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். தனிமை போகட்டும் என்று எழுதிய வரி ஒவ்வொன்றும், இங்கே ஒரு பெண்ணைத் தனியாக உட்கார வைத்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது.

"அப்படி என்னாதாண்ணே எழுதுவீங்க? நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

சொன்னேன். இலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். ஐஸ் பார், உமி, பண்ருட்டி. அவர் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அந்தக் குண்டு புஸ்தகமா? நெசந்தாண்ணே! பரண் மேலருந்து எறக்கித் தூசி தட்டும்போதெல்லாம் எனக்கும் அப்படித்தான் இருக்கும்!"

"ஏய், நீ படிச்சியா அத? படிக்காம திட்டக் கூடாது" என்று நிமிர்ந்தார் கலியபெருமாள்.

"படிக்கச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லம்மா" என்று நான் குறுக்கே புகுந்தேன். நான்தான்! "ரெண்டாம் தடவ படிச்சா அது உமி இல்ல." குடை ஆளின் கதையைச் சொன்னேன். பாதியில் கலியபெருமாள், "அப்படி இல்ல மச்சான், அவன் காத்திருக்கறது பொண்டாட்டிக்காக இல்ல" என்றார். "பின்ன யாருக்காகங்க?" என்றார் தனம். "அத அவன் சொல்லவே இல்லியே" என்றேன். "சொல்லணுமாக்கும்?" என்றார் அவர். கை காய்ந்துபோகிற வரை மூன்று பேரும் மல்லுக்கு நின்றோம். மொபைல் எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியாது.

பிறகு கடைக்கு ஆள் வந்துவிட்டது. கலியபெருமாள் கீழே இறங்கிவிட்டார். நானும் கிளம்பினேன். வாசலில் தனம் சொன்னார்: "அடிக்கடி வாங்கண்ணே."

இதெல்லாம் போன வாரம்.

இன்று காலை வழக்கம் போல மஞ்சக்குப்பம் போனேன். நீலப் பக்கத்தைத் திறந்தேன். அட்டைப் படங்கள். கட்டைவிரல்கள். நானும் இரண்டு மூன்று கட்டைவிரல் போட்டேன். எழுந்துவிட்டேன்.

"என்னாண்ணே, அதுக்குள்ள? எல்லாரும் கெடைச்சிட்டாங்கன்னு சொன்னீங்க?" என்றார் விஜயா.

"கெடைச்சிட்டாங்கம்மா. எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

"அப்பறம்?"

அப்புறம் என்ன... வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தடைக்காலம் இன்றோடு முடிகிறது. இனி படகெல்லாம் இறங்கிவிடும், ஐஸ் மிஷின் நிற்காது, ஞாயிறும் முன்போல அரை நாள்தான் கிடைக்கும், சிதம்பரம் போய்வரப் போதாது. போவதென்றால் இன்றைக்குத்தான் போக வேண்டும். சிதம்பரத்துக்குப் பஸ் இருக்கிறது. சட்டைகூட மாற்றிவிட்டேன். ஆனால் போன வாரம்தானே போனோம்? 'அடிக்கடி வாங்க' என்பது எல்லோரும் எல்லோருக்கும் வாசலில் சொல்வதுதானே? முகம் தெரியாத ஊராரின் பேச்சில் கூசாமல் போய்த் தலையிட்டவனுக்கு, கூப்பிட்ட ஒரு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

வாசகர்களே, தெரிந்தவர்கள் யாராவது ஒரு வரி எழுதிப் போடுங்கள். தங்கை வீட்டுக்கு ஓர் அண்ணன் எத்தனை நாளுக்கு ஒரு தடவை போகலாம்?

2011 மே 29, ஞாயிற்றுக்கிழமை